ஆகஸ்டில் தில்லியைவிடச் சென்னைக்குப் பகல்–இரவு வெப்ப வேறுபாடு அதிகமா? என் அட்டவணையில் எங்கே பிழை?

கரும்பலகை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சுவர் அட்டவணை தயாரிக்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நீண்டகாலச் சராசரிகளிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் சராசரி அதிகபட்சத்தில் சராசரிக் குறைந்தபட்சத்தைக் கழித்து எழுதுகிறேன். நவம்பரில் தில்லிக்கு ஏறக்குறைய 15 டிகிரி, சென்னைக்கு 6. கடலோரம், உள்நாடு என்று பாடநூல் சொல்வது அப்படியே வருகிறது. ஆகஸ்டில்தான் சிக்கல்: தில்லிக்கு 7 அல்லது 8, சென்னைக்கு 9-க்கு மேல். கடலோர ஊருக்கு எப்படி அதிகமாகும்? இதை இப்படியே சுவரில் ஒட்டினால் முதல் வரிசைப் பிள்ளைகளே என்னைக் கேள்வி கேட்பார்கள்.

தென்திசை:
நிரல் இடம் மாறியிருக்கும். தில்லி எண் சென்னையிலும் சென்னை எண் தில்லியிலும் விழுந்திருக்கிறது. சரிபாருங்கள்.

கரும்பலகை:
சரிபார்த்துவிட்டேன். ஆகஸ்டில் தில்லி ஏறத்தாழ 34, 27. சென்னை 35, 26. இடம் மாறவில்லை.

அரைக்கால்_சட்டை:
மாதத்தின் மிக உயர்ந்த நாளிலிருந்து மிகக் குறைந்த நாளைக் கழித்தீர்களா? அது வேறு கணக்கு. அதில் எல்லா ஊருக்கும் எண் பெரிதாகத்தான் வரும்.

கரும்பலகை:
இல்லை ஐயா, மேலே சொன்னபடி சராசரிகளைத்தான் கழித்தேன்.

மேற்குக்காற்று:
ஆசிரியரே, உங்கள் அட்டவணையில் பிழை இல்லை. அதை அழித்துவிடாதீர்கள், அதுதான் அதில் உள்ள நல்ல செய்தி.

கடலோரம், உள்நாடு என்ற பாகுபாடு பாதி உண்மைதான். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானிப்பவை மேகமும் காற்றிலுள்ள நீராவியும் தரையின் ஈரமும். மேகம் பகலில் வெயிலை மறைக்கிறது. இரவில் தரை விடும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் இரவில் ஒரு போர்வைதான். ஈரத் தரையில் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால் பகல் சூடு ஏறுவதில்லை. ஆக, மேல்முனை இறங்குகிறது, கீழ்முனை ஏறுகிறது.

ஆகஸ்டில் இந்த மூன்றும் தில்லியில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை அங்கே உச்சத்தில் இருக்கும் காலம் அது. சென்னையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம். மேலைக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, சூடேறி நம் பக்கம் வருகிறது. சென்னைக்கும் ஆகஸ்டில் மழை உண்டு, ஆனால் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ வரும் இடிமழை. பகல் முழுவதும் வானம் மூடிக் கிடப்பது குறைவு.

நவம்பரில் ஆட்கள் இடம் மாறிக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையால் சென்னையில் மேகமும் கடற்காற்றும். தில்லியில் தெளிந்த வானம், வறண்ட காற்று.

கரும்பலகை:
பகல் பக்கம் விளங்கியது. இரவு பக்கம் இன்னும் உறுத்துகிறது. இரவு முழுவதும் தரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது அல்லவா? தில்லி ஆகஸ்டில் 26, 27-ஓடு ஏன் நின்றுவிடுகிறது?

மேற்குக்காற்று:
பனிப்புள்ளியால். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் ஆவி நீராகத் தொடங்குகிறதோ, அது. அந்த இடத்தை எட்டியதும் ஆவி பனித்துளியாகவோ மூடுபனியாகவோ மாறும்போது உள்வெப்பத்தை வெளியே விடுகிறது, குளிர்ச்சியின் வேகம் குறைந்துவிடுகிறது. மழைக்காலத் தில்லியில் பனிப்புள்ளி 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே இரவு போவது கடினம். நவம்பரில் காற்று காய்ந்து பனிப்புள்ளி வெகுவாக இறங்கிவிடுவதால் இரவுக்கு இறங்க இடம் கிடைக்கிறது. முடிந்தால் அட்டவணையில் பனிப்புள்ளிக்கு ஒரு நிரல் சேருங்கள். குறைந்தபட்ச வெப்பநிலை பல மாதங்களில் அதை ஒட்டியே நடப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

யமுனைக்கரை:
தில்லிவாசியாக ஒரு சேர்க்கை. ஜனவரியில் சராசரி வேறுபாடு 12, 13 வரும். ஆனால் அடர்ந்த மூடுபனி பகலிலும் விலகாத நாட்களில் அது நான்கைந்து டிகிரியாகச் சுருங்கிவிடும். இரவைவிடப் பகல்தான் அன்று கொடுமை. சராசரி எண் இதை விழுங்கிவிடுகிறது.

தென்திசை:
அப்படியானால் கடலுக்கு வேலையே இல்லையா?

மேற்குக்காற்று:
இல்லாமல் என்ன! மே மாதத்தில் கடற்காற்று நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் சென்னையில் சூடு அத்தோடு நிற்கும். வரத் தாமதமானால் 40-ஐத் தொடும். ஒரே ஊருக்குள் கூட இது தெரியும். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கோடையில் அங்கே பகல் சூடு பொதுவாகக் கூடுதல். எந்த நிலையத்தின் எண் என்று எழுதாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

கரும்பலகை:
சென்னைக்கு நுங்கம்பாக்கம், தில்லிக்கு சப்தர்ஜங். மும்பையையும் சேர்த்திருக்கிறேன்: ஜூலையில் 5 டிகிரிதான், ஜனவரியில் 14.

அரைக்கால்_சட்டை:
ஜனவரியில் 14 என்றால் அது சாந்தாகுரூஸ் நிலையமாக இருக்கும். மும்பையின் இன்னொரு நிலையமான கொலாபா, மும்பைத் தீவின் தென்முனையில், ஏறக்குறைய மூன்று பக்கமும் கடலோடு இருக்கிறது. அங்கே இரவு அவ்வளவு குளிராது, வேறுபாடும் அதற்கேற்பக் குறையும்.

கரும்பலகை:
சாந்தாகுரூஸ்தான். நிலையப் பெயர்களைத் தலைப்பு வரிசையிலேயே எழுதிவிட்டேன். ஆகஸ்டுக் கட்டத்துக்குச் சிவப்பு மை அடித்து, "ஏன்?" என்று மட்டும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பனிப்புள்ளி நிரல் நாளை. அனைவருக்கும் நன்றி.