கழிவறைக் கூரை ஒழுகுது: நகர மன்றமா, வீவகவா?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடு. கழிவறைக் கூரையில் மஞ்சள் கறை, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிருது. மழையில்லாத நாளிலும் சொட்டுது. யாரிடம் சொல்வது?

பதில்: மழையில்லாமலே சொட்டினால் பெரும்பாலும் மேல்வீட்டுத் தரைதான். தரை ஓட்டுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும். நகர மன்றம் பார்ப்பது பொது நடைபாதை, மின்தூக்கி, மொட்டைமாடி. இதை வீவகவிடம் சொல்லுங்க. நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் வீவக 50 விழுக்காடு தரும். மேல்வீடும் நீங்களும் ஆளுக்கு 25.

பதில்: தயவுசெய்து வெள்ளையடித்து மறைக்காதீங்க! ஈரம் உள்ளேயே தங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், காரை பாளம் பாளமாகப் பெயரும்.

கேட்டவர்: மேல்வீட்டார் கதவே திறக்கலன்னா?

பதில்: முதலில் நேரில் பேசுங்க. அப்புறமும் மறுத்தால், உள்ளே போய்ப் பார்க்க வீவகவுக்குச் சட்ட அதிகாரம் இருக்கு.