தாயில்லாப் பூனைக்குட்டி மூன்று, வெள்ளவத்தை: பால் தரும் தாய்ப்பூனை யாரிடமாவது இருக்கா?

வணக்கம். மூன்று குட்டிகளுக்கும் கண் இப்பதான் திறக்குது, ஒன்றுக்கு ஒரு கண் மட்டும். 10 நாள் மட்டில் இருக்கும். நித்திரையில் துடிக்கிறது, தலை ஆடுறது, வயிற்றால் அரக்கிறது, நகம் உள்ளே போகாமல் நிற்கிறது எல்லாம் இந்த வயசுக்குச் சரிதான்.

யோசனை கடைசிக் குட்டியில்தான். மற்ற இரண்டும் நாளுக்கு 10–15 கிராம் கூடுது, இது 3, 4 கிராம்தான். மேல்வாயில் பிளவு இல்லை, மூக்கால் பால் வரவில்லை. பாதி குடிச்சதும் விட்டிட்டு விடாமல் கத்துது. இப்படிக் கண்டவர்கள் சொல்லுங்கோ.

பால் கொடுக்கும் பூனை இருந்தால் அதுதான் முதல் விருப்பம். இல்லையென்றால் பூனைக்குட்டிப் பால்மா பம்பலப்பிட்டி–தெஹிவளைப் பக்கம் எங்கே கையிருப்பில் இருக்கு? போயாவிலும் திறக்கிற மிருக வைத்தியர்?

இரவு ஒரு முறை பொறுப்பெடுக்கக்கூடியவர்களும் தேவை. 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால். பசுப்பால் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்கணும், குளிர்ந்த குட்டிக்குப் பால் சமிக்காது. கொழும்பு வெக்கை போதும் என்று நினைக்காதேங்கோ: துவாய் சுத்திய சுடுதண்ணிப் போத்தலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கோ, சூடு கூடினால் குட்டி விலகிப் போகும். குப்புறப் படுக்கவைத்தே பருக்கணும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போயிடும். பிறகு ஈரப் பஞ்சால் பின்பக்கம் தடவணும், 3 கிழமை வரை தானாக மூத்திரம் போகத் தெரியாது.

முடிந்தவர்கள் இன்பொக்ஸ் பண்ணுங்கோ.