அதிர்ச்சிக்குப் பின் வந்த பிஞ்ச் ஈட்டிங் (கட்டுப்பாடிழந்து அளவுமீறி உண்பது): எந்தச் சிகிச்சை உங்களுக்கு உதவியது?

கரையோரம்:
எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையான சிபிடியின் நான்காவது அமர்வில் நடந்த ஒன்று இன்னும் என்னை விடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு நாகப்பட்டினத்தில் கடலுக்கு மிக அருகில் இருந்தது. மற்றதை இங்கே விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் எழுந்து, விளக்கைப் போடாமல், அடுப்படியில் நின்றபடியே வயிறு வலிக்கும் வரை ஆறிய சோற்றை அள்ளி உண்பேன். தினமும் நிரப்பும் தாளில் நேரம், இடம், உணவு, கட்டுப்பாடு இழந்தேனா என்பவற்றோடு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற கட்டமும் உண்டு. அதில் மூன்று இரவுகள் ‘பக்கத்து வீட்டு மோட்டார்’ என்று யோசிக்காமலே எழுதியிருந்தேன். ஆலோசகர் அந்த வரிகளின் மேல் பென்சிலை வைத்து, “மோட்டார் ஓடும்போதா, தொட்டி நிரம்பி வழியும்போதா?” என்று கேட்டார். மாடியிலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் விழும் ஓசை அந்த அறைக்குள்ளேயே எனக்குக் கேட்டது.

வேப்பமரத்தடி:
சகோதரி, அந்தத் தாள் உங்களைக் கதவு வரை கொண்டுவந்து விட்டது. கதவைத் திறப்பது வேறு வேலை. பேருந்து விபத்தில் தம்பியை இழந்த நான் எட்டு மாதம் அப்படி எழுதினேன், இரவு உண்பது குறையவில்லை. பிறகு ஈஎம்டிஆர், அதாவது கண்களை இருபுறமும் அசைத்தபடி அதிர்ச்சி நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை. ஆலோசகரின் இரு விரல்கள் இடமும் வலமும் அசைய, என் கண்கள் அவற்றைத் தொடர, அன்று அவன் என் மடியில் வைத்த பிஸ்கட் பொட்டலம் நினைவில் எழுந்தது. இத்தனை வருடமும் நான் இரவில் தேடியது அதே பிஸ்கட்டைத்தான். இதைச் சொல்ல எனக்கு ஆறு அமர்வுகள் ஆயின.

மூன்றுவேளை:
மேலே எழுதியவரின் துயரத்தை மதிக்கிறேன். ஆனால் சிபிடியை வெறும் எழுத்து வேலை என்பதை ஏற்க இயலாது. நான் எடை குறைப்புத் திட்டம் ஒன்றில் பகல் முழுவதும் பட்டினி கிடந்து, இரவு பதினொரு மணிக்கு எட்டுப் பரோட்டா உண்டவன். எனக்குக் கிடைத்த முதல் பாடமே மூன்று வேளை உணவும் இடையில் சிற்றுண்டியும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயாமல் உண்ண வேண்டும் என்பதுதான். இரண்டு வாரத்தில் இரவு வெறி பாதியானது. சிறுவயதில் அடி வாங்கிய நினைவுகளைத் தொட்டது அதற்குப் பிறகே.

ஓய்வுபெற்றசெவிலி:
நான் பணியாற்றிய வார்டில் இருபது கிலோ குறைத்த ஒரு பெண், “மெலிந்ததும் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், பயமாக இருக்கிறது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவின் சான்டியேகோவில் மருத்துவர் ஃபெலிட்டி தம் உடற்பருமன் சிகிச்சையகத்தில், நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் விலகுவதைக் கண்டு காரணம் தேடிய கதையைப் பின்னால்தான் படித்தேன். அந்தத் தேடலில் பிறந்த ஆய்வின் முதல் கட்டுரை 1998-இல் வந்தது. 9,508 பேர் விடையளித்த அதில், சிறுவயதுத் துன்பங்கள் நான்கு வகையோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் கடும் உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எது சிறந்தது என்று சண்டையிடாதீர்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பிஞ்ச் ஈட்டிங் உள்ள 162 பேருக்கு வாரம் ஒன்றாக இருபது குழு அமர்வுகள் நடந்தன. சிபிடி பெற்றவர்களும், உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட ஐபிடி பெற்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறினார்கள். ஆனால் எடை பெரிதாக இறங்கவில்லை. ஆகவே தராசு முள்ளை வைத்து ஆலோசகரை எடைபோடாதீர்கள். அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே அமைந்த சிபிடியையும் ஈஎம்டிஆரையும் 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒருசேரப் பரிந்துரைத்தது. உயிரை விடும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள்.

கரையோரம்:
அம்மா, நன்றி. நேற்றும் தொட்டி வழிந்தது. எழுந்தேன், பானையைத் திறந்தேன், உண்டேன். ஆனால் விளக்கைப் போட்டுவிட்டு உண்டேன். தாளில் 2.25 என்று எழுதியிருக்கிறேன். கடலைப் பற்றி எப்போது பேசலாம் என்று வரும் வியாழக்கிழமை நானே கேட்கப் போகிறேன்.