கேம்பர்வேன் புக்கிங் கடைசிப் படியில் நிற்கிறது. மெல்பர்ன் – உலுரு. அவசர உதவி தேவை

பொன்னிக்கரை
வணக்கம். ஆஸ்திரேலியா போகிறோம். மெல்பர்னில் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கை உள்ள வண்டி) எடுத்து கிரேட் ஓஷன் ரோடு என்ற கடற்கரைச் சாலை, அடிலெய்ட், கூபர் பீடி, நடுப் பாலைவனத்தில் இருக்கும் பெரிய செம்பாறையான உலுரு என்று திட்டம். மூன்று நாளாக ஒரே பிரச்சினை. வண்டி இருக்கிறது என்று காட்டுகிறது, வாடகையும் காட்டுகிறது. எல்லா விவரத்தையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனால் "இந்த வண்டி கிடைக்கவில்லை" என்று வந்து முதல் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டு கார்டு மாற்றிப் பார்த்தேன். மொபைலிலும் அதேதான். விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

மணல்வீடு
கார்டுதான் காரணம். இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட்டு, வரம்பையும் ஏற்றிவிட்டுப் பாருங்கள். எனக்கு ஹோட்டல் போடும்போது இதே கதை.

பொன்னிக்கரை
திறந்துதான் இருக்கிறது. விமான டிக்கெட்டே அதில்தான் போட்டேன். கார்டு எண் கேட்பதற்கு முன்பே தள்ளிவிடுகிறது.

தெற்குச்சிலுவை
உதவி கேட்பவர்கள் முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு இழை எழுதி மேலே நிறுத்தி வைத்திருக்கிறேன். படித்திருந்தால் இந்த நான்கு பதிவும் மிச்சம். எந்த மாதம்? எத்தனை நாள்? எத்தனை பேர்? வண்டியை எங்கே திருப்பிக் கொடுக்கிறீர்கள்? இது இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே 19 வருடமாக இருக்கிறேன். வரைபடத்தில் விரல் வைத்து அளந்துவிட்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் சொன்ன பாதை கடற்கரை வழியாகப் போனால் சுமார் 2,600 கி.மீ. அடிலெய்டிலிருந்து கூபர் பீடி மட்டுமே 850 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி 700 சொச்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பொன்னிக்கரை
மன்னிக்கவும். டிசம்பர் கடைசி, 10 நாள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் திரும்பலாம் என்று எண்ணம். குடும்பமாகத்தான் போகிறோம்.

தெற்குச்சிலுவை
அப்படியானால் விடை கண்ணெதிரே இருக்கிறது. டிசம்பர் 25 அன்று வண்டி கொடுக்கும் இடங்கள் மூடியிருக்கும். அன்றைக்கு எடுக்கவோ விடவோ கேட்டிருப்பீர்கள். தேதியை மாற்றுங்கள்.

பொன்னிக்கரை
எடுப்பது 23, விடுவது ஜனவரி 2.

மணல்வீடு
அப்போது ஒருவழி வாடகைதான் சிக்கலாக இருக்கும். எல்லா வண்டியையும் ஆலிஸில் விட அனுமதிக்க மாட்டார்கள். மெல்பர்னிலேயே விடுவதாகப் போட்டுப் பாருங்கள்.

வல்லைவெளி
தம்பி, நான் மெல்பேர்ணில் இருக்கிறேன். புக்கிங் சிக்கல் எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லட்டும். ஆனால் டிசம்பர் கடைசியில் உலுருவுக்கு வாகனத்தில் போவதை இன்னொரு முறை யோசியுங்கோ. அந்த நேரம் அங்கே 40 பாகை வெக்கை சாதாரணம். வெக்கை 36 தொடும் என்று முன்னறிவிப்பு இருந்தாலே, உலுருவுக்குப் பக்கத்துப் பாறைக் கூட்டமான கட்டா ஜூட்டாவில் 'வலி ஒஃப் த விண்ட்ஸ்' என்ற நடைபாதையைக் காலை 11 மணிக்கு மறித்துவிடுவார்கள். உலுருவைச் சுற்றி நடக்கிற பாதை கிட்டத்தட்ட 10 கி.மீ. விடிய முன் தொடங்கினால்தான் முடிக்கலாம். மலையில் ஏறுவது 2019 ஒக்டோபர் 26 முதல் முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டது. அது அந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களின் புனித இடம், அவர்கள் எத்தனையோ காலமாக ஏற வேண்டாம் என்று கேட்டது. உலுரு இருக்கிற தேசியப் பூங்காவுக்குள் தங்கவும் முடியாது, வெளியே யுலாரா என்ற ஊரில்தான் தங்க வேண்டும்.

கிரேட் ஓஷன் றோட் போகிற கடற்கரைப் பக்கம் எல்லாம் வடிவு. டோர்க்கியில் தொடங்கி மேற்கே போங்கோ. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஆகவே கடல் உங்கள் இடப்பக்கமே வரும், நிறுத்துமிடங்களுக்குள் சட்டென்று திரும்பலாம். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் பிக்காசும் வைத்து வெட்டிய பாதை அது, 240 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. வழியில் கடலுக்குள் நிற்கிற பாறைத் தூண்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர், ஆனால் பன்னிரண்டு எண்ண வேண்டாம். 2005 ஜூலையில்கூட ஒன்று சரிந்து விழுந்தது. மேலே மேடையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடாமல் கிப்சன் படிகளில் இறங்குங்கோ. 86 படி. கீழே மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்தப் பாறையின் உயரம் விளங்கும். அடுக்கடுக்காக, வெட்டிய கேக் மாதிரிக் கோடு தெரியும். அலை பெரிதாக இருந்தால் இறங்க வேண்டாம்.

கொங்குச்சக்கரம்
வெயிலுக்கு ஏன் பயப்பட வேண்டும்? பகலில் தூங்குங்கள், இரவில் ஓட்டுங்கள். நான் அந்தப் பாலைவனம் வழியாகப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இரவு முழுக்க ஓட்டியிருக்கிறேன். ரோடு காலி. உலுரு இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் 130 கி.மீ. வேகம் வரை போகலாம். கேம்பர்வேனில் ஏசி இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நடைவண்டி
கொங்குச்சக்கரம், இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்று இருக்கும். மீறினால் காப்பீடு கிடையாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே, சூரியன் விழுந்து இருபது நிமிடம் இருக்கும். இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். கங்காரு ஓரத்தில் நின்றது, வண்டியைப் பார்த்தது, நேராகக் குறுக்கே குதித்தது. 90இல்தான் போனேன். இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் உள்ளே போய், ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. நானும் மனைவியும் மூன்று மணி நேரம் அங்கேயே. ஒரு லாரிக்காரர் நிறுத்தி அவருடைய ரேடியோவில் சொல்லித்தான் உதவி வந்தது. அந்த விலங்கு சாக நேரம் எடுத்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கொங்குச்சக்கரம்
உங்களுக்கு நடந்தது வருத்தம்தான் சார். ஆனால் எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. நான் போனது ஜூலையில். ஒரு விலங்குகூடக் குறுக்கே வரவில்லை.

தெற்குச்சிலுவை
ஒருமுறை தப்பித்ததை வைத்து ஊருக்கு அறிவுரை சொல்வதை நிறுத்துங்கள். கங்காரு மட்டும் இல்லை. அந்தப் பக்கப் பண்ணைகளில் பல இடத்தில் வேலி கிடையாது, மாடு சூடான தார் மேல் படுத்திருக்கும். பல பெட்டிகளை இழுத்துப் போகும் லாரியான ரோடு டிரெயின் ஒன்று 53.5 மீட்டர் வரை நீளம். அதை இருட்டில் முந்திப் பார்த்திருக்கிறீர்களா?

ஏசி பற்றிச் சொன்னதும் தவறு. ஓட்டுநர் பக்கத்து ஏசி எஞ்சின் ஓடினால்தான். பின்பக்க ஏசியும் மைக்ரோவேவும் 240 வோல்ட் இணைப்பில்தான் வேலை செய்யும். அதற்கு கேரவன் பார்க்கில் மின்சாரம் உள்ள இடம் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் துணை பேட்டரி விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும்தான்.

கொங்குச்சக்கரம்
என் நண்பர் வண்டியில் லித்தியம் பேட்டரியிலேயே ஏசி ஓடியது.

தெற்குச்சிலுவை
அது சொந்த வண்டி. வாடகை வண்டியில் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மணல்வீடு
இதெல்லாம் தனி இழையில் பேசலாமே. பாவம், அவர் புக்கிங் நிற்கிறது என்று கேட்டார்.

ஊதாத்தும்பை
பொன்னிக்கரை, குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் உண்டா? வயது என்ன? நிரப்பும்போது குழந்தை இருக்கை சேர்த்தீர்களா? எத்தனை பேர் படுக்கும் வண்டி?

பொன்னிக்கரை
பெண்ணுக்கு 5, பையனுக்கு 2. இரண்டு இருக்கை சேர்த்தேன். நான்கு பேர் படுக்கும் வண்டி. மெல்பர்னிலேயே விடுவதாகப் போட்டும் பார்த்துவிட்டேன், அதே செய்திதான். குழந்தை இருக்கை எல்லாம் மேஜை நாற்காலி மாதிரி கூடுதல் பொருள்தானே?

ஊதாத்தும்பை
இல்லை, அதுதான் காரணமாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் நான் இதிலேயே மாட்டினேன், அதனால்தான் கேட்டேன்.

படுக்கை வேறு, இருக்கை வேறு, குழந்தை இருக்கையைக் கட்டும் கொக்கி வேறு. நான்கு பேர் படுக்கும் வண்டி என்றால் நான்கு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். இங்கே 7 வயதுக்குள் இருக்கும் குழந்தை அங்கீகரிக்கப்பட்ட இருக்கையில்தான் உட்கார வேண்டும், அது சட்டம். உங்கள் பையன் வயதுக்கு உள்ளேயே வார்ப்பட்டை உள்ள இருக்கை, அதன் உச்சியில் இருக்கும் பட்டையை வண்டியில் உள்ள ஒரு கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். 4 வயதுக்குள் இருப்பவனை, பின்வரிசை இருக்கும்போது முன்வரிசையில் உட்கார வைக்கவும் கூடாது. பல கேம்பர்வேன்களில் பின்னால் அந்தக் கொக்கி ஒன்றுதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பெண்ணுக்கு பூஸ்டர் (உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) போதும் என்று நினைக்கலாம். அதற்கும் தோளும் மடியும் சேர்ந்த பெல்ட் வேண்டும், பின் பெஞ்சில் மடிப் பெல்ட் மட்டும் இருந்தால் உதவாது. ஊரிலிருந்து இருக்கை கொண்டுவந்தாலும் செல்லாது, ஆஸ்திரேலியத் தர முத்திரை இருக்க வேண்டும்.

நான் வண்டி எடுக்கப் போன அன்று, அந்த ஊழியர் பின்சீட்டு மெத்தையைத் தூக்கி, டார்ச் அடித்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கொக்கி இல்லை. மகள் அவளுடைய பொம்மையோடு பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். வேறு வண்டி வர மாலை ஆகிவிட்டது. உங்களை அந்த இணையப் பக்கம் முன்கூட்டியே தடுக்கிறது என்றால் அது நல்லதுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். இருக்கை இரண்டையும் நீக்கிவிட்டுக் கடைசிப் பக்கம் வரை போங்கள், பணம் கட்ட வேண்டாம். போனால் காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு இருக்கை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகு நேரே போன் செய்து, "2 வயது, 5 வயது, இரண்டு பேருக்கும் பின்னால் இடம் உள்ள வண்டி எது" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெற்குச்சிலுவை
இதையும் என் இழையில் எழுதியிருக்கிறேன், எட்டாவது பத்தி. "எத்தனை பேர்" என்று நான் முதலிலேயே கேட்டதற்குக் காரணம் அதுதான். எப்படியோ, தும்பை சொல்வது சரி.

வல்லைவெளி
பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் நான் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். கிரேட் ஓஷன் றோட் போய், வார்னம்பூல் தாண்டி டவர் ஹில்லில் நிறுத்துங்கோ. அணைந்த எரிமலைக் குழிக்குள் ஈமு நடந்து திரியும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிறகு போர்ட் ஃபெயரி, அங்கிருந்து வடக்கே கிராம்பியன்ஸ் மலைப் பக்கம். ஹோல்ஸ் காப் என்ற சின்ன ஊரில் பின்னேரம் விளையாட்டு மைதானத்தில் கங்காரு கூட்டமாக வந்து புல் மேயும், ஓட்டிப் போய்ப் பார்க்கத் தேவை இல்லை. காலையில் மக்கென்சி நீர்வீழ்ச்சி, படி அதிகம், சின்னவனைத் தூக்க வேண்டி வரும். அங்கிருந்து மெல்பேர்ண் மூன்றரை மணி நேரம்தான்.

கடற்கரையில் வாகனத் தரிப்பிடங்களில் இரவு தங்கக் கூடாது, தண்டம் போடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவர வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் வந்திறங்கும்போது நிரப்பும் அட்டையில் எழுதிக் காட்டுங்கோ. தெற்கு அவுஸ்திரேலியா மாநிலத்துக்குள் போவதாக இருந்தால் எல்லைக்கு முன் பழங்களைச் சாப்பிட்டு முடியுங்கோ, பழ ஈக்காக அங்கே கடுமையான கட்டுப்பாடு.

கொங்குச்சக்கரம்
குழந்தைகள் இருப்பது தெரிந்திருந்தால் இரவில் ஓட்டச் சொல்லியிருக்க மாட்டேன். அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நடைவண்டி சார், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடைவண்டி
பரவாயில்லை. குழந்தை இல்லாவிட்டாலும் சொல்லாதீர்கள்.

பொன்னிக்கரை
இருக்கைகளை நீக்கினேன், கடைசிப் பக்கம் போனது. ஒன்று சேர்த்தேன், அப்போதும் போனது. இரண்டு சேர்த்தால் நிற்கிறது. போன் செய்தேன், அந்த வண்டியில் ஒரே கொக்கி. ஆறு பேர் வண்டி இருக்கிறது, ஆனால் அந்தத் தேதியில் மெல்பர்னிலேயே விட வேண்டும். மனைவியும் கிராம்பியன்ஸ் என்கிறார். அதையே போட்டுவிட்டேன், மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிட்டேன். உலுரு இன்னொரு தடவை, ஜூலையில். தும்பை அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. அலுவலகம் கிளம்புகிறேன்.

மணல்வீடு
நல்லது. ஆறு பேர் வண்டிக்கு உரிமம் வேறு வேண்டுமா என்று யாராவது சொல்லுங்கள், எனக்கும் உதவும்.

நடைவண்டி
4.5 டன் வரை சாதாரண கார் உரிமம் போதும். தமிழ்நாட்டு அட்டையில் ஆங்கிலம் இருப்பதால் சுற்றுலாப் பயணிக்கு அது செல்லும். உயரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பெட்ரோல் பங்க் கூரை, கடைகளின் கார் நிறுத்தம், மரக்கிளை எல்லாம் இடிக்கும், மேல்கூரைச் சேதத்துக்குப் பல காப்பீடுகளில் பணம் கிடைக்காது.

வல்லைவெளி
பொன்னிக்கரை தம்பி, அப்போஸ்தலர்களுக்குப் பக்கத்து ஊரான போர்ட் கம்பலில் எந்த இரவு தங்குகிறீர்கள்? டிசம்பர் 26இலிருந்து விடுமுறைக் கூட்டம். கரவன் பார்க்கில் மின்சார இடம் இன்றைக்கே பிடியுங்கோ. திகதியைச் சொன்னால் நானும் போன் செய்து கேட்டுப் பார்க்கிறேன்.

வல்லைவெளி
தம்பி?