ஃபேபரின் ஃபோக்கவுல்ஃப்: மஞ்சள் அடிப்புறம் சரியாக வரவில்லை

கேள்வி:
நண்பர்களே, டாமியா நிறுவனத்தின் 1/48 அளவு மாடல் கிட்டில், இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர் விமானமான ஃபோக்கவுல்ஃப் 190 ஏ-3 செய்துகொண்டிருக்கிறேன். 1942 ஜூன் 23 அன்று ஜெர்மன் விமானி ஆர்மின் ஃபேபர் திசை தவறி, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நினைத்து, வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் கொண்டுபோய் இறக்கிய விமானம். பிரிட்டிஷார் எம்பி499 என்று எண் போட்டு, அடிப்புறத்துக்கு மஞ்சள் பூசிப் பறக்கவிட்டார்கள். எனக்கு அந்தக் கோலம்தான் வேண்டும். ஆனால் சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் நாலு கோட் மஞ்சள் அடித்தும் பச்சை பாய்ந்து அழுக்காகத் தெரிகிறது. சக்கரக் குழி விளிம்பில் பெயின்ட் திட்டாகத் தடித்துவிட்டது. மேலேயே இன்னும் அடிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சார், பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேருமிடக் கோடுகள்) மூடிப்போகும். இறக்கையின் அடிப்பக்கத்துப் பெயின்டை மட்டும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். வெள்ளை ப்ரைமர், அதன்மேல் லேசாக இளஞ்சிவப்பு, அப்புறம் மஞ்சள். இரண்டே மெல்லிய கோட்டில் பளிச்சென்று வரும்.

பதில் 2:
ஜெர்மன் சிலுவை இருந்த இடங்களை மறந்துவிடாதீர்கள். அதை மறைத்துப் பூசிய பெயின்ட் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தால்தான் பிடிபட்ட விமானம் என்று நம்பத் தோன்றும். பக்கவாட்டில் வட்டத்துக்குள் மஞ்சள் 'பி' (சோதனை விமானத்தைக் குறிக்கும் P) எழுத்தும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்றிரவே பழைய பெயின்டை எடுக்கிறேன். இளஞ்சிவப்பு எனக்குத் தோன்றவே இல்லை.