ஹெடிங் ஸ்டைல் தெரியாமல் பட்ட பாடு: உங்களுக்கும் நடந்ததா?

வேர்டில் தட்டிய என் ஆய்வேடு 212 பக்கம். அத்தியாயத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து போல்டு போட்டு, 16 சைஸ் வைத்து, நடுவில் நிறுத்தி அழகு பார்த்திருந்தேன். பொருளடக்கமும் கையால்தான்: தலைப்பு, வரிசையாகப் புள்ளிகள், கடைசியில் பக்க எண். ஒரு சொல் கூடினாலும் புள்ளிகள் அடுத்த வரிக்கு ஓடும். நான் பேக்ஸ்பேஸோடு பின்னால் ஓடுவேன்.

சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கையில் நெறியாளர், "மூணாவது அத்தியாயம் அஞ்சாவதுக்கு அப்புறம் வந்தா நல்லாயிருக்கும்" என்றார். நாற்பது பக்கத்தை இழுத்துத் தேர்ந்தெடுத்து கட் செய்து ஒட்டினேன். கடைசி அட்டவணையின் பாதி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

அறைத்தோழன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெடிங் ஸ்டைலே போடலையா நீ?" என்றான். இந்த வரி ஒரு தலைப்பு என்று வேர்டுக்கே சொல்லிவைக்கும் அமைப்பு அது. கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால் ஹெடிங் 1; உட்தலைப்புக்கு 2. எல்லாவற்றுக்கும் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு வியூவில் நேவிகேஷன் பேனை டிக் செய்தான். இடப்பக்கம் தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. மூன்றாம் அத்தியாயத்தின் பெயரைப் பிடித்து ஐந்துக்குக் கீழே விட்டான். உட்தலைப்பு, படம், அட்டவணை எல்லாம் கூடவே போய்விட்டன. எனக்குக் கோபம்தான் வந்தது, ஒன்றரை வருஷம் வீணாக்கியதை நினைத்து.

அத்தியாயத்தை நகர்த்தும் முன்பே பொருளடக்கத்தையும் வேர்டே போட்டுக்கொடுத்திருந்தது. எஃப்9 அழுத்தியதும் பக்க எண் மட்டுமா, முழுப் பட்டியலுமா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து, அத்தியாயங்கள் பழைய வரிசையிலேயே இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திகைத்தேன். இன்னொன்று: தமிழ்த் தலைப்பின் சைஸ் மாற மறுத்தால், ஸ்டைலின் எழுத்துரு அமைப்பில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் பகுதியைப் பாருங்கள். லத்தீன் எழுத்துக்கு அங்கே தனி அளவு.

— — —

நான் லிப்ரெஆபிஸ் ஆளு, வேர்ட் மாதிரியே இலவசமா கிடைக்கிற மென்பொருள். அங்க கண்ட்ரோல் 1 போதும், எஃப்5 அடிச்சா தலைப்புகளக் காட்டுற நேவிகேட்டர் வந்துடும். ஆனா ஆபீஸ்ல வேர்ட்தான். பெட்டி போட்டா எடுப்பா இருக்கும்னு தலைப்பையெல்லாம் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ள வச்சேன். ஸ்டைல் சரியாத்தான் இருக்கு, நேவிகேஷன் பேன்ல ஒண்ணுகூட வரல. பெட்டிக்குள்ள இருக்கிற தலைப்பை அது காட்டாதாம்! பெட்டியத் தூக்கிட்டு, ஸ்டைல்லயே பார்டர் கொடுத்துட்டேன்.

— — —

எனக்குப் பார்வை இல்லை. வேர்ட் கோப்புகளை என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் வாசிக்கக் கேட்கிறேன். ஒற்றை விசைகளால் கோப்பில் உலாவும் பிரவுஸ் மோடில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஒருமுறை அலுவலக விதிமுறைக் கோப்பு வந்தது, அறுபது பக்கம். ஹெச் தட்டினேன், தலைப்பே இல்லை என்றது. பக்கத்து இருக்கைக்காரர், "பெருசு பெருசா போட்டிருக்காங்களே சார்" என்றார். பெரிதாக இருப்பது எனக்கு எப்படிக் கேட்கும்? விடுப்பு விதியைத் தேடி, கீழ் அம்புக்குறியைத் தட்டியே ஒரு மதியம் போனது.

அனுப்பியவரிடம் சொன்னேன். மறுநாளே ஸ்டைல் போட்டு அனுப்பினார். ஏழாவது தட்டில் "விடுப்பு" என்றது.