மூடின தொழிற்சாலை, அடுத்த வளவுக் கிணறு: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

எழுவான்கரையான்:
எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை, அந்த மதிலும் துருப்பிடித்த தகரக் கூரையும் இங்கே எல்லாரும் கண்டதுதான். பின்மதிலை ஒட்டி எங்கள் மாமி வீடு. பொங்கலன்று பானை கொதி வரும் நேரம் குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. அடுப்பில் ஊற்றிவிட்டார்களாக்கும் என்று மாமி பிள்ளைகளை ஏசினா, பிறகு பானைக்குள் குனிந்து மணந்து பார்த்தா, அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேலியடியில் கவிழ்த்தா. பால், அரிசி, பயறு எல்லாம். பொங்கல் பானையை ஒருவர் கவிழ்த்து நான் கண்டதேயில்லை. கிணற்றில் அள்ளிப் பார்த்தால் வாளி மேலே வானவில் நிறத்தில் படலம்.

பாலமீன்மடுப் பொடியன்:
அண்ணன், அது இரும்பு. எங்கள் கிணறும் இப்படித்தான் மினுங்கும், வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பு, பக்கத்தில் ஒரு தொழிற்சாலையும் இல்லை. ஈர்க்கால் கலைத்துப் பாருங்க, துண்டு துண்டாக உடைந்து நின்றால் இரும்பு, திரும்பக் கூடினால்தான் எண்ணெய்.

எழுவான்கரையான்:
கலைத்தாச்சு, கூடுது. இரும்பு மண்ணெண்ணெய் மணக்குமா தம்பி?

கல்முனை நானா:
மோட்டர் போட்டு முழுக்க இறைச்சு, பிளீச்சிங் பவுடர் போடுங்க. வெள்ளம் வடிந்தால் எங்கட வாப்பா அதுதான் செய்றவர்.

திராய்மடு டீச்சர்:
எங்கள் கிணற்றில் உப்பு மட்டும்தான், ஆனாலும் சொல்கிறேன். நானா, பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு, எண்ணெயை அது ஒன்றும் செய்யாது. சுனாமிக்குப் பிறகு உப்பைப் போக்கப் போகிறோம் என்று மாறி மாறி இறைத்து, அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலேறி வந்தது மறந்துபோச்சா? நம்ம மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் நிற்கிறது. பலமாக இழுத்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஊறிக் கிடக்கிறதும் இந்தப் பக்கம் வரும். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்றும் நினைக்காதீங்க, ஈயம் மாதிரி ஏதாவது இருந்தால் தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும். சோதனைக்குச் சோடாப் போத்தலில் எடுக்காதீங்க, எண்ணெய்க்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும், ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்க. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்க. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது, வாயால் சொன்னதை மட்டும் வைத்தா அது நடந்தது?

எழுவான்கரையான்:
கடிதம் எப்போதோ கொடுத்தாச்சு டீச்சர், பதில்தான் இல்லை. தண்ணீர் பௌசர் லொறி வந்தால் மாமி குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடிக்கிறா, குளிப்பு இன்னும் அந்தக் கிணற்றில்தான். மேலுக்கு ஊற்றினாலும் பிரச்சினையா?